ரைட்டு என்று நான் சொன்னது

ஜூன் 8, திங்கள்

கத்திரி முடிந்து பத்து நாள். வெயிலுக்கு அது தெரியவில்லை. பி.பி. மாத்திரை போட மறந்தேன். கமலாவின் மூக்குக் கண்ணாடி லஸ் கடையில், நாளை வாங்க வேண்டும்.

இன்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் நான் கார் டெஸ்ட் எடுத்தது பதினான்கு பேருக்கு. பதின்மூன்று பேரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

பதினான்காவது ஆள் ஏழுமலை. முப்பது வயதுக்கு மேல். அடையாற்றுக் கரைக் குடிசைப் பகுதி. காந்தி நகரில் ஒரு வீட்டில் கார் கழுவுகிறவர். லைசென்ஸ் வாங்கிவிட்டால் அங்கேயே டிரைவர் வேலையாம். ஏறியதும் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நன்றாகவே ஓட்டினார். கிளட்ச் மென்மை. கண்ணாடி பார்த்தார், கை காட்டினார். மனதுக்குள் பாஸ் போட்டுவிட்டேன்.

அப்போது என் செல்போன் அடித்தது. போன மாதம் மைத்துனன் ரகு, கமலாவின் தம்பி, வாங்கிக் கொடுத்தது. ஆபீஸில் என் ஒருவனிடம்தான் இருக்கிறது. அடிக்கும்போது நாலு பேர் திரும்பிப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். இங்கே எழுதினால் யாருக்குத் தெரியப் போகிறது.

எடுத்தேன். ரகுதான், காரில் போய்க்கொண்டே அவன் செல்லிலிருந்து. தி. நகர் கல்யாண மண்டபத்துக்கு வழி தெரியாமல் பனகல் பார்க்கைச் சுற்றுகிறானாம். "ரைட்ல திரும்பு" என்றேன். அவனுக்குக் கேட்கவில்லை. "ரைட்டு! ரைட்டுப்பா! இப்பவே திரும்பு!" கத்தினேன்.

ஏழுமலை திருப்பிவிட்டார்.

ஒரு வழிப் பாதை. எதிரே வந்த சைக்கிள்காரர் தடுமாறி விழுந்தார். ட்ரைவிங் ஸ்கூல் கார் என்பதால் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. நான் மிதிக்கவில்லை. மிதித்தது ஏழுமலை. இறங்கி ஓடியதும் அவர்தான். சைக்கிள்காரரைத் தூக்கி உட்கார வைத்து, முழங்கையில் தன் கைக்குட்டையைக் கட்டினார். நான் சீட்டிலேயே. போன் காதிலேயே. "மண்டபம் தெரியறது அத்திம்பேர், வெச்சுடறேன்" என்றான் ரகு.

ஏழுமலை திரும்பி வந்ததும் கத்தினேன். "யாருய்யா திரும்பச் சொன்னா உன்னை?"

"நீங்கதானே சார் ரைட்டுன்னு சொன்னீங்க."

"உனக்கா சொன்னேன்? போன்ல பேசறது தெரியலே?"

"எனுக்கு எப்டி சார் தெரியும்? நானு ரோட்டைல்ல பாத்துக்கினு இருந்தேன்."

அது நியாயம். அதனால் இன்னும் கோபம் வந்தது. படிவத்தில் எழுதினேன்: தவறான திருப்பம். கவனக்குறைவு. ஃபெயில். பின் சீட்டில் ட்ரைவிங் ஸ்கூல் மாஸ்டர் மணி. எல்லாம் பார்த்தவர். ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் ரிசப்ஷன். கமலா எல்லோரிடமும், "இவரோட செல்போன் இல்லேன்னா ரகு முகூர்த்தத்துக்கே வந்து சேர்ந்திருக்க மாட்டான்." சிரிப்பு. நானும் சிரித்தேன்.

ஜூன் 9, செவ்வாய்

புழுக்கம். கண்ணாடி வாங்கியாயிற்று. ஃப்ரேம் கொஞ்சம் கோணல்.

சைக்கிள்காரர் புகார் கொடுத்துவிட்டார். ஆர்.டி.ஓ. மேடம் கூப்பிட்டார். "என்ன சார் ஆச்சு?"

"டெஸ்ட் நடக்கும்போது செல்போன் அடிச்சுது மேடம். கவனம் சிதறிடுத்து."

ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. யார் போன், யார் கவனம் என்று மட்டும் சொல்லவில்லை.

"டெஸ்டுக்கு வர்ற இவங்க கையிலயும் செல்போன் வந்தாச்சா?" என்றார் மேடம். வாயைத் திறக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு நொடி. அந்த நொடி போய்விட்டது. மேடம் பேனாவை மூடி, "நீங்களே ஒரு நோட்டீஸ் எழுதி ஒட்டிடுங்க. இனிமே யாரும் கொண்டு வரக் கூடாது."

எழுதினேன். நகல் இங்கே:

1. ஓட்டுநர் தேர்வுக்கு வருவோர் செல்லுலர் தொலைபேசி கொண்டு வருதல் கூடாது.
2. தவறிக் கொண்டு வந்தால் அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும்.
3. தேர்வின்போது தொலைபேசி ஒலித்தால் தேர்ச்சி இல்லை.

கையெழுத்து என்னுடையது. எழுத்து அழகாக இருக்கிறது என்றார் டைப்பிஸ்ட்.

ஜூன் 10, புதன்

தண்ணீர் லாரி வரவில்லை. சொம்புக் குளியல்.

நோட்டீஸ் முன்னால் காலையிலிருந்தே கூட்டம். ஒருவர் படித்துச் சொல்ல, மற்றவர்கள் சிரிப்பு. "நைனா, செல்போனு நம்மாண்ட எங்க கீது?" "வூட்டுக்கு ஒரு போனுக்கே எழுதி வெச்சிட்டு குந்தினுகீறோம்." உள்ளே மேசையிலிருந்து எல்லாம் கேட்டது.

மாஸ்டர் மணி டீ வாங்கி வந்தார், நான் கேட்காமலே. "அன்னிக்கு நான் பின்னாடி நல்லா தூங்கிட்டேன் சார்." கண்ணைச் சிமிட்டினார். டீயைக் குடித்தேன். குடித்திருக்கக் கூடாது.

செல்போனை அலமாரியில் வைத்துவிட்டேன், வேட்டிக்கு அடியில்.

ஜூன் 11, வியாழன்

ஏழுமலை வந்திருந்தார். மறு டெஸ்ட் என்றைக்கு என்று கேட்க. ஏழு நாளாவது ஆக வேண்டும் என்பது விதி. கவுன்டர் கிளார்க் அவர் பெயரைப் பார்த்ததும், "ஓ, நீதானா அது? உன்னாலதான்யா இந்த நோட்டீஸே" என்று சுவரைக் காட்டினார்.

"இன்னா சார் எழுதிக் கீது?" படித்துச் சொன்னார் கிளார்க்.

"என்னாண்ட ஏது சார் செல்லு?"

கவுன்டரில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். ஏழுமலை சிரிக்கவில்லை. உள்ளே இருந்த என்னைப் பார்த்தார். நான் ஒரு ஃபைலைத் திறந்தேன். என்ன ஃபைல் என்று இப்போதும் தெரியாது. அவர் "திங்கக்கெழம வரேன் சார்" என்று கிளார்க்கிடம் சொல்லிவிட்டுப் போனார்.

சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. அத்தனை பேர் முன்னால், என்னை நோக்கிக் கையை நீட்டியிருக்கலாம்.

வீட்டில் சாப்பிடவில்லை. "ஏன்னா, சாதம் அப்படியே இருக்கே? வயிறு சரியில்லையா?" என்றாள் கமலா. ஆமாம் என்றேன். இருபத்தேழு வருஷத்தில் இவளிடம் சொல்லாத விஷயம் என்று பெரிதாக எதுவும் இல்லை. இதைச் சொல்ல முடியவில்லை.

ஜூன் 12, வெள்ளி

கபாலி கோயில் வாசல் வரை போனேன். செருப்பைக் கழற்றாமல் திரும்பிவிட்டேன்.

ஜூன் 13, இரண்டாம் சனி, லீவு

ஏழுமலையின் படிவத்தில் வேலை செய்யும் இடத்தின் விலாசம் இருந்தது. நேற்றே துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டேன். காலை பஸ் பிடித்து அடையாறு போனேன். காந்தி நகரில் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டு எதிர்ப்பக்கம் பத்து நிமிஷம் நின்றேன். பிறகு மணி அடித்தேன்.

அந்த வீட்டு அம்மாள் நல்ல மாதிரி. உட்காரச் சொன்னார். மோர் வந்தது.

"ஏழுமலை விஷயமா வந்தேன். நான்தான் டெஸ்ட் எடுத்த இன்ஸ்பெக்டர்."

"ஐயோ, ஏதாவது பிரச்சினையா சார்?"

"இல்லம்மா. அவர் நன்னா ஓட்டறார். அவரை டிரைவரா வெச்சுக்கலாம்னு சொல்லத்தான்."

அவர் முகம் வாடியது. "வேளச்சேரிலேர்ந்து வேற ஆள் சொல்லிட்டோமே சார். திங்கட்கிழமை சேர்றார். என் வீட்டுக்காரருக்கு தினம் ஆஸ்பத்திரி போகணும், காத்திருக்க முடியலை. ஏழுமலையை நானே கேட்டேன், ஏன்டா ஃபெயிலானே, நன்னாப் பழகினியேன்னு. தப்பு என்னுதுதாம்மா, தப்பா திருப்பிட்டேன், ஒருத்தர் விழுந்துட்டார்னு சொன்னான். அதைக் கேட்டப்புறம் இவருக்கும் பயம் வந்துடுத்து."

அங்கேதான் சொன்னேன். செல்போன், ரகு, ரைட்டு, எல்லாம். அந்த அம்மாள் என் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "இதை நீங்க திங்கட்கிழமையே வந்து சொல்லியிருக்கலாமே சார்" என்றார். கோபமாகக்கூட இல்லை.

சொன்ன வாக்கை மாற்ற முடியாதாம். கார் கழுவும் வேலை இருக்கிறது, அதில் ஒன்றும் மாற்றமில்லை என்றார்.

மோரைக் குடிக்காமல் வந்துவிட்டேன். அதுவும் மரியாதைக் குறைவு.

ஜூன் 14, ஞாயிறு

சாயங்காலம் நாலு தூறல், மண் வாசனை மட்டும்.

கமலாவிடம் சொன்னேன். கறிகாய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்தாள். "அன்னிக்கு ரிசப்ஷன்ல நான் அவ்வளவு பெருமையா பேசிண்டிருந்தேனே, அப்பவே உங்களுக்குத் தெரியுமா?" தெரியும் என்றேன். அவள் கத்தியை எடுத்து மறுபடி நறுக்க ஆரம்பித்தாள்.

மேடத்துக்கு ஒரு கடிதம் எழுதி வைத்தேன். ஒன்றரைப் பக்கம். மூன்று முறை கிழித்தேன். எல்லா முறையும் "செல்போன் அடித்தது" என்றே ஆரம்பித்திருந்தேன். நாலாவது முறை "நான்" என்று ஆரம்பித்தேன்.

ஜூன் 15, திங்கள்

ஏழுமலை டெஸ்டை என்னோடு வேலை செய்யும் இன்னொரு இன்ஸ்பெக்டரிடம் மாற்றிவிட்டேன். நான் பக்கத்தில் உட்கார்ந்தால் அவரால் நிம்மதியாக ஓட்ட முடியாது.

பத்து மணிக்கு மேடத்திடம் கடிதம். படித்தார். மறுபடி படித்தார். "வாயால சொல்லியிருந்தா போதுமே சார். எழுதிக் குடுத்துட்டா நான் மெமோ குடுத்தாகணும்."

"குடுங்க மேடம்."

நோட்டீஸில் நான்காவதாக ஒரு வரி சேர்க்கலாமா, தேர்வு நடத்தும் அலுவலருக்கும் இந்த விதி பொருந்தும் என்று, எனக் கேட்டேன். அதை வெளியே ஒட்ட வேண்டாம், உள்ளுக்குள் சர்க்குலராகப் போதும் என்றார். ஏழுமலை மேல் தவறில்லை என்று பதிவு செய்ய ஒப்புக்கொண்டார். அவ்வளவு கிடைத்தது.

பதினொன்றரைக்கு ஏழுமலை பாஸ்.

வாசலில் பிடித்தேன். டீக்கடைக்கு அழைத்துப் போனேன். பெஞ்சில் உட்காரவில்லை, நின்றுகொண்டே கிளாஸை வாங்கிக்கொண்டார். வேலை என்ன ஆயிற்று என்று தெரிந்தும் கேட்டேன்.

"அது போய்டுச்சு சார். வேற வூடு பாக்கணும். லைசென்ஸ் கீதுல்ல, பாத்துக்கலாம்."

"அந்தம்மாகிட்ட தப்பு உங்களுதுன்னு ஏன் சொன்னீங்க?" அவரை முதல் முறையாக 'நீங்க' என்றேன்.

"பின்ன? ஆபீசரு சொன்னாரு, அதான் திருப்பினேன்னு சொன்னா, சாக்கு சொல்றான்பாங்க. நம்புவாங்களா சார்?"

கிளாஸைக் கீழே வைத்தேன். "ஏழுமலை, தப்பு என்னோடது. உங்களோடது இல்லை. என்னை மன்னிச்சுடுங்க." நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

அவர் சட்டென்று ஆபீஸ் பக்கம் திரும்பிப் பார்த்தார். கிளார்க் வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஏழுமலை என் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"மெதுவா பேசு சார். அவங்க காதுல வுழுந்துடப் போவுது."