ஒட்டிக்கொண்ட ‘ஆம்’

யூன் 9, திங்கள்

சோளகக் காற்றுப் பலம். முற்றமெல்லாம் வேப்பஞ்சருகு. பிரஷர் குளிசை முடிகிறது, நாளை வாங்க வேண்டும்.

மாலை மகள் சுமதி போனில் ஒரு வீடியோ காட்டினாள். பேத்தி பவித்ராவைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிச்செல்லும் வான் சாரதி தவராசா. அழுகிற ஒரு சிறுமியைத் தூக்கி வானுக்குள் வைக்கிறார். அரை நிமிடம்கூட இல்லை.

“பிள்ளையைக் கடத்தப் பாத்தவராம் அப்பா. நாளையிலையிருந்து பவித்ராவை அவளின்ரை அப்பா மோட்டச்சைக்கிள்லை கொண்டுபோய் விடட்டும்.”

“ஓம், அதுதான் நல்லது” என்றேன்.

ஐந்து வருடமாகத் தெரிந்த மனிதர். கடத்தப் பார்த்தவராம். யாரைத்தான் நம்புவது.

யூன் 11, புதன்

குளிசை வாங்கியாயிற்று. கொடிகாமச் சந்தையில் முருங்கைக்காய் மலிவு.

அங்கே அந்தச் சிறுமியின் தாயைக் கண்டேன். வகுப்பில் பிள்ளைக்குக் கடும் காய்ச்சல். தவராசா நேரே சாவகச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்.

“நான்தான் மாஸ்டர் அவருக்குப் போன் எடுத்து ஏத்தச் சொன்னனான். பொலிசிலையும் சொல்லிப்போட்டன். அவையும் விசாரிச்சு, பிழையில்லை எண்டு விட்டிட்டினம். சனம் கேக்குதே?”

கேட்டுக்கொண்டிருந்த வெற்றிலைக்காரர்: “பொலிஸ் விட்டதோ? ஆளுக்கு அங்கை ஆரையும் தெரிஞ்சிருக்கும்.”

தவராசாவின் வானில் வழமையாகப் பதினான்கு பிள்ளைகள். இன்று மூன்று.

யூன் 12, வியாழன்

வீடியோ போட்டவன் நிரோஜன். என்னிடம் தமிழ் படித்தவன். கருத்துச் சுதந்திரம் பற்றிப் பேசிப் பரிசு வாங்கினான். பேச்சை எழுதிக் கொடுத்தவன் நான். போன் எடுத்தேன்.

“கடத்தினவர் எண்டு நான் சொல்லேல்லை சேர். கடத்தப் பாத்தவராம் எண்டுதான் சொன்னனான். ‘ஆம்’ போட்டா கேள்விப்பட்டது எண்டு நீங்கள்தானே படிப்பிச்சனீங்கள்?”

படிப்பித்தேன். ‘மழை பெய்ததாம்.’ கரும்பலகையில் எத்தனை தரம்.

“இப்ப என்ன, என்னை வாயை மூடச் சொல்லுறியளே சேர்?”

நான் வாய் திறக்கப் பயந்த காலத்தில் வாழ்ந்தவன். யாரையும் பேசாதே என்று சொல்ல நா எழாது. போனை வைத்த பிறகுதான் சொல்லியிருக்க வேண்டியது நினைவுக்கு வந்தது. மந்திரியைப் பற்றிச் சொல்லு, மறுத்துப் பேச அவருக்கு ஒலிவாங்கி இருக்கிறது. தவராசாவிடம் இருப்பது ஒரு வான்.

ஒருமுறை ஏழாம் வகுப்பில் ஒரு பேனை காணாமல் போனது. ஒரு பெடியன் எடுத்தவனாம் என்றார்கள். அடுத்த பாடத்திலேயே தொலைத்தவனின் பைக்குள் கிடந்தது. ஆனாலும் அந்தப் பெடியன் பக்கத்தில் வந்தால் மற்றவர்கள் பையை இழுத்து மடியில் வைப்பார்கள். வருடம் முடியும்வரை. இதையும் நிரோஜனுக்குச் சொல்லியிருக்கலாம்.

யூன் 14, சனி

காற்றுக் குறைவு. தேங்காய் பறிக்க ஆள் வரவில்லை.

நிரோஜன் இன்னொரு வீடியோ போட்டிருக்கிறான். சிறுமியின் தாய் நடந்ததைச் சொல்கிறார். தலைப்பு: ‘வான் சாரதி நிரபராதியா?’

திரும்பவும் போன் எடுத்தேன்.

“உந்தக் கேள்விக்குறியை எடு தம்பி.”

“அது இல்லாட்டி ஆர் சேர் பாப்பினம்?”

முதல் வீடியோவும் அப்படியே கிடக்கிறது.

திங்கட்கிழமைக் குறிப்பைப் புரட்டினேன். ‘கடத்தப் பார்த்தவராம்.’ என் கையெழுத்து. கேள்விக்குறிகூட இல்லை. சிவப்புப் பேனையால் வெட்டினேன். வெட்டினாலும் வாசிக்க முடிகிறது.

யூன் 15, ஞாயிறு

சுமதியிடம் நாலு தரம் கதைத்தேன். கடைசியில் அரைமனதாக ஓம் என்றாள்.

நேரே தவராசா வீடு. வான் கண்ணாடியில் ஒட்டியிருந்த ‘பாடசாலைச் சேவை’யைச் சுரண்டிக்கொண்டு நின்றார்.

“நானும் நம்பினனான் தவம். அது என்ரை பிழை. நாளைக்குப் பவித்ரா வருவாள்.”

சுரண்டுவதை நிறுத்தவில்லை. “வேண்டாம் மாஸ்டர். இனிச் சந்தைக்கு மரக்கறி ஏத்தப்போறன்.”

“பிள்ளை உங்களைத்தான் கேக்கிறாள்.”

“தெரியும். பிள்ளையள் வானிலை ஏறேக்கை கை குடுக்கவேணுமெல்லே மாஸ்டர். எனக்குக் கையை நீட்டப் பயமாக்கிடக்கு.”

தேத்தண்ணி தந்தார்கள். குடித்துவிட்டு வந்தேன்.

வானின் படி உயரம். பவித்ராவுக்கு எட்டாது.