ஈர எண்ணெயின் சத்தம்

அன்பு மகள் விக்னேஸ்வரிக்கு,

கோலா தெர்லாவிலிருந்து அம்மா எழுதுகிறேன். கை கால் நன்றாகத்தான் இருக்கிறது, வயிறு பசிக்கிறது, அதனால் நலம் என்றே வைத்துக்கொள். நீயும் அந்த டப்ளின் குளிரில் சளி காய்ச்சல் அண்டாமல் இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் சொல்லிக்கொள்கிறேன். இங்கே மழை விட்டபாடில்லை, ரிங்லெட் பக்கம் மண் சரிந்து காய்கறி லோரிகள் பாதி நாள் நின்றுவிடுகின்றன, முட்டைக்கோஸ் அழுகுகிறது என்று தோட்டக்காரர்கள் புலம்புகிறார்கள், நமக்கென்ன, லோரி நின்றாலும் ஓடினாலும் அதிலிருந்து வடிக்கிற பழைய கறுப்பு எண்ணெய் சுத்தம் செய்ய நம் கொட்டகைக்குத்தான் வருகிறது. கொட்டகை லைசென்ஸ் புதுப்பித்தாகிவிட்டது. வீட்டில் பெரிய பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டேன், சின்னச் சட்டியில் கொஞ்சமாகப் பொங்கினாலும் மிஞ்சுகிறது. வேலைக்காரப் பையன் ஹரிதாஸ் வேலை முடிந்து மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு போன பிறகு பேச ஆளில்லை, டிவியைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறேன், அதில் என்ன பேசுகிறார்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும், சுற்றி வளைத்தால் உனக்குக் கோபம் வரும். இந்த முறை தேயிலை ஃபெக்டரியிலிருந்து பெரிய ஆர்டர் வந்தது, இலை உருட்டும் மெஷின் கியர்களுக்கு உங்கள் எண்ணெயைப் போட்டுப் பார்க்கிறோம், ஒத்துவந்தால் இனி உங்களிடமே எடுக்கிறோம் என்று அங்கே கணக்கெழுதும் ராமையா கிராணி சொல்லியிருந்தார். அதனால் நானே பக்கத்தில் நின்று வேலை பார்த்தேன். இந்தக் குளிருக்கு எண்ணெய் கெட்டியாகி அழுக்கு கீழே இறங்குவதே இல்லை, பழைய கம்பளிகளை டிரம்மில் சுற்றி வைத்தேன், ஹரிதாஸ் அதைப் பார்த்துவிட்டு, எண்ணெய்க்குக் குளிருதுன்னு போத்தி விடுறீங்க, எனக்கு ஒரு சுவெட்டர் வாங்கித் தர மனசு வரல லா முதலாளியம்மா என்றான். தெளிந்ததை எடுத்துக் காய்ச்சி, தண்ணீர் போனதும் வெளுக்கும் மண்ணைக் கலந்து, துணியில் வடித்தோம். தேன் மாதிரி வந்தது. தண்ணீர் மிச்சமிருக்கிறதா என்று எப்படிப் பார்ப்போம், நீயே எத்தனை தடவை என் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாய், அடுப்பில் காய்ந்த தகட்டில் ஒரு சொட்டு விட்டால் ஈரம் இருந்தால் சடசடவென்று பொரியும், சுத்தமாக இருந்தால் சும்மா கிடக்கும். நானே சொட்டு விட்டேன். புகை மறைத்தது, ஆனால் சத்தம் இல்லை. டிரம்மை மூடி லோரியில் ஏற்றச் சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வழக்கம்போல அதில் எடுத்த முதல் எண்ணெயை முனியாண்டி கோயில் பந்தத்துக்குக் கொண்டுபோனேன். உன் அப்பா இருந்த காலத்திலிருந்தே அம்மன் விளக்குக்கு நல்லெண்ணெய், முனிக்கு மட்டும் நம் கொட்டகை எண்ணெய். பூசாரி சுப்பன் பந்தத்தை நனைத்துக் கொளுத்தினார். நான் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற பாஞ்சாலை என் தோளைப் பிடித்து உலுக்கினாள், கண்ணைத் திறந்தால் பந்தத்திலிருந்து பொறி பறக்கிறது, பூசாரி வேட்டியை உதறிக்கொண்டு ஓடுகிறார், பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்கள். அவள் என் முகத்துக்கு நேராக வந்து, ஏன்க்கா, முனி பட்டாசு கொளுத்துறாரு, ஊரே திரும்பிப் பாக்குது, நீ பாட்டுக்குக் கும்புட்டுக்கிட்டு நிக்கிற, காதுல பஞ்சா வச்சிருக்க என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்து வைத்தேன். ஈரம் இருந்தால்தானே எண்ணெய் அப்படிப் பொரியும்.

நேரே கொட்டகைக்கு வந்து ஹரிதாஸைத் தகட்டில் சொட்டு விடச் சொன்னேன். அவன் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, ஐயோ, இந்த அடி அடிக்குதே, கேக்கலயா முதலாளியம்மா என்றான். எண்ணெய் துள்ளுவது தெரிந்தது. சத்தம் ஒன்றும் எனக்கு வரவில்லை. எல்லாவற்றையும் லோரியிலிருந்து இறக்கி மறுபடி காய்ச்சினோம். சரக்கு தாமதமானதால் கிராணி என்னைத் தேடி வந்து கத்தினார், அவர் வாய் அசைவதைப் பார்த்தே என்ன திட்டுகிறார் என்று புரிந்தது, மெஷின் கெட்டால் அதைவிடப் பெரிதாகக் கத்துவீர்கள் என்று சொல்லி அனுப்பினேன். இப்போது சொட்டு விடுவது நான், கேட்பது ஹரிதாஸ். வியாபாரம் தப்பித்தது, அதைப் பற்றி நீ கவலைப்படாதே.

அன்றிலிருந்து எனக்கு வேறு கவலை. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நீ போனில் வெகுநேரம் பேசினாய். லைன் சரியில்லை, உன் வாய்க்குள்ளேயே பேசுகிறாய் என்று இத்தனை மாதமாக உன்மேல் பழி போட்டுக்கொண்டிருந்தேன். அன்று நடுவில் நிறுத்தினாய், நான் ஏதோ சொல்ல வேண்டும் என்று புரிந்தது. சரிம்மா, உன் இஷ்டம் என்றேன். அதற்கப்புறம் நீ அழுதாயா சிரித்தாயா என்றுகூட எனக்குத் தெரியவில்லை, வீடியோவில் உன் நெற்றி மட்டும்தான் தெரிந்தது. நான் எதற்குச் சரி சொன்னேன், விக்னேஸ்? நீ அனுப்பும் குரல் செய்திகளும் எனக்குப் பிடிபடவில்லை. ஹரிதாஸிடம் கொடுத்துக் கேட்கச் சொல்லலாம், எண்ணெயை அவன் காதால் கேட்கலாம், என் மகளை அவன் காதால் கேட்க எனக்கு மனமில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

ஈப்போவில் காது டாக்டரைப் பார்க்க நாள் வாங்கிவிட்டேன், மெஷின் வைத்துக்கொள்ளச் சொன்னால் வைத்துக்கொள்வேன், எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. நீ வேலை முடிந்து வந்ததும் ஈரத் தலையோடு படுக்காதே, நேரத்துக்குச் சாப்பிடு. முனியும் அம்மனும் உனக்குத் துணையாக இருக்கட்டும், எதிலும் குறையில்லாமல் நன்றாக இரு.

மறக்காமல் அன்று சொன்னதை அப்படியே எழுதி அனுப்பு. தமிழ்ப்பள்ளியில் பழகிய கை மறந்திருந்தால் மலாயில் எழுது, பரவாயில்லை. யாரையாவது கட்டிக்கொள்ளப்போகிறேன் என்று சொல்லியிருந்தால் அந்தச் சரி சரிதான். கொட்டகையை விற்கச் சொல்லியிருந்தால் அது செல்லாது. இனி இங்கே வரப்போவதில்லை என்று சொல்லியிருந்தால், அதையும் எழுது. படித்துவிட்டுச் சொல்கிறேன்.

உன் அம்மா,
ரஞ்சிதம்