நான்காம் அத்தியாயத்தின் கடைசிப் பத்தி

திருமயம்
12.8.2024

அன்புள்ள அமுதவல்லிக்கு,

இங்கு நலம். உங்கள் ஊரில் வருடாவருடம் நடக்கும் சர்வதேசச் சிறுவர் ஐஸ் ஹாக்கிப் போட்டியின் ஐம்பதாண்டு வரலாற்றை எழுத உன்னைத் தேர்ந்தெடுத்ததில் எனக்குப் பெருமைதான். முதல் மூன்று அத்தியாயங்களின் ஆங்கிலத்தைத் திருத்தி அனுப்பியிருக்கிறேன். உறைந்த ஏரியில் பனியை வாரித் தள்ளிவிட்டு முதல் ஆட்டம் ஆடிய பகுதி நன்று. ஆனால், கமாக்களை விதைநெல் போல இறைத்திருக்கிறாய். எனக்கு ஆங்கிலம் கற்பித்த கான்வென்ட் சிஸ்டர் பார்த்திருந்தால் முட்டிபோட வைத்திருப்பார்.

நீ சேர்த்தனுப்பிய போட்டிப் படங்களை வீட்டு வேலைக்கு வரும் மருதாயி பார்த்தாள். "ஏங்கம்மா, வழுக்கி விழுகவா அம்புட்டு தூரத்துலேருந்து பிள்ளைகள அனுப்புறாக?" என்று கேட்டாள்.

மாசியில் அப்பாவின் திதி. அவர் போனதிலிருந்து நீ ஒருமுறைகூட வரவில்லை.

உன் அம்மா,
செவந்தி குணசேகரன்


கனடா
3.9.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

நான்காம் அத்தியாயம் இத்துடன் இருக்கிறது. போட்டிக்கு வரும் வெளிநாட்டுப் பிள்ளைகளை நாங்கள் ஹோட்டலில் விடுவதில்லை. வீட்டுக்கு இரண்டு பேராக ஊரே ஏற்றுக்கொள்ளும். முதல் வருடம் ஊரில் ஹோட்டலே இல்லாததால் வந்த வழக்கம். சமைத்துப் போட்டு, ஈரக் கையுறைகளைக் காயவைத்து, விடியுமுன் அரங்கில் கொண்டுபோய் விட வேண்டும்.

கடைசிப் பத்தி அப்பா இறந்த நாளைப் பற்றியது. போனில் சொல்ல எத்தனையோ முறை முயன்றேன். நீங்கள் அந்தப் பேச்சையே எடுக்க விடவில்லை. படித்துவிட்டு எழுதுங்கள்.

போட்டியும் மாசியில்தான் என்றாலும், இந்த முறை பிள்ளைகள் யாரையும் ஏற்காமல் அங்கு வரலாம் என்றிருக்கிறேன்.

அன்புடன்,
அமுதா


திருமயம்
25.9.2024

அன்புள்ள அமுதவல்லிக்கு,

அத்தியாயத்தைத் திருத்திவிட்டேன். கடைசிப் பத்தியை முழுவதும் அடித்திருக்கிறேன். ஹாக்கி வரலாற்றில் உன் அப்பாவுக்கு என்ன வேலை? பெற்றவரைத் தூக்கிப்போகும் நேரத்தில் ஊரார் பிள்ளைகளின் கையுறையைக் காயவைத்ததை அச்சிலும் ஏற்ற வேண்டுமா?

மற்றபடி நடை தேறியிருக்கிறது. எந்தத் தேதிக்கு டிக்கெட்?

உன் அம்மா,
செவந்தி குணசேகரன்


கனடா
20.10.2024

அம்மாவுக்கு,

பத்தியை எடுத்துவிட்டேன். இந்த வருடமும் இரண்டு பிள்ளைகளை ஏற்றுக்கொண்டேன். டிக்கெட் எடுக்கவில்லை. புத்தகம் அச்சானதும் ஒரு பிரதி வரும்.

அமுதவல்லி


திருமயம்
18.6.2025

அன்புள்ள அமுதாவுக்கு,

சித்திரையில் எழுதியதற்கும் வைகாசியில் எழுதியதற்கும் பதில் இல்லை. "கடுதாசி போடுறத நிப்பாட்டுங்கம்மா, அந்தப் புள்ள இனி வராது" என்கிறாள் மருதாயி. அவளைக் கடிந்துகொண்டேன். அவள் சொன்னது எனக்கும் தெரியும்.

புத்தகம் வந்தது. நான் அடித்த பத்தி இருந்த இடத்தில் கோப்பையோடு நிற்கும் ஓர் அணியின் படத்தைப் போட்டிருக்கிறார்கள். அதன் கீழே இதை என் கையால் எழுதிவைத்தேன்: "அன்று பனிப்புயல். விமானங்கள் பறக்கவில்லை. என் வீட்டில் செக் நாட்டுப் பிள்ளைகள் இருவர். அவர்கள் மறுநாள் ஆட வேண்டியவர்கள். துணி உலர்த்தும் மெஷினை ஓடவிட்டு, அந்த இரைச்சலில் அழுதேன். உள்ளே ஒன்றும் போடவில்லை. வெறும் மெஷின் விடியும்வரை ஓடியது."

நீ எழுதிய தாள் அன்றே திருத்தத்தோடு உன்னிடம் திரும்பிப் போய்விட்டது. ஒரு வார்த்தையும் விடாமல் எனக்கு நினைவிருக்கிறது. பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு நான்கைந்து முறை வாசித்தேன்.

திருத்த ஒன்றும் இல்லை.

அம்மா