அண்ணியின் நான்காவது தாள்

மார்ச் 6

அன்பு வாயாடிக்கு,

உன் அண்ணி எழுதுவது. இங்கே நான், உன் அண்ணன், உன் அம்மா மூவரும் நலம். போனில் பேச ஆரம்பித்தால் அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொள்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் போனே அவர்கள் கைக்குப் போய்விடுகிறது. அதனால்தான் கடிதம்.

ஒரு காரியம் செய்துவிட்டேன், சிரிக்காதே. கணக்கியல் தொழில்நுட்பர், அதாவது அக்கவுண்டிங் டெக்னீஷியன் படிப்பில் சேர்ந்திருக்கிறேன். இத்தனை வருஷமாக ப்ளைவுட் கடையில் பில் போடுகிறேன் அல்லவா? வருஷக் கடைசியில் ஆடிட்டர் ஆபீசிலிருந்து ஒரு பெண் வருவாள். நான் போட்ட பில்களையெல்லாம் புரட்டிவிட்டு, கடை அந்த வருஷம் எப்படி இருந்தது என்று ஒரே பக்கத்தில் எழுதி வைத்துவிட்டுப் போவாள். எனக்கு வியப்பாக இருக்கும். செங்கல் அடுக்குவது நான், வீடு எப்படி இருக்கிறது என்று பார்ப்பது அவள். இந்தத் தடவை அவளிடமே கேட்டுவிட்டேன். "நீங்களும் படிக்கலாமே அக்கா, இதுக்கு வயசெல்லாம் பாக்க மாட்டாங்க" என்றாள். நான்கு தாள் எழுத வேண்டும். அப்புறம் ஒரு வருஷம் ஆடிட்டர் ஆபீசில் பயிற்சி.

உன் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக் ஆயிற்றே, "வீட்டுல ஒரு டெக்னீஷியன் போதாதா? உனக்கும் ஒரு ஸ்பானர் செட் வாங்கணுமா?" என்றார். அத்தை மறுநாள் கீழ்வீட்டு அம்மாவிடம், "எங்க மருமக கால்குலேட்டர் ரிப்பேர் படிக்கிறா" என்று சொன்னது மாடிவரை கேட்டது.

உன் அண்ணி

மார்ச் 25

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை வேலை இடைவேளையில் படித்தேன். கால்குலேட்டர் ரிப்பேர் வந்த இடத்தில் டீ மூக்கில் ஏறிவிட்டது. நான் வேலை பார்க்கும் இந்த முதியோர் இல்லத்தில் யாராவது இருமினால் நான்தான் ஓடுவேன், இன்றைக்கு எல்லோரும் என்னிடம் ஓடி வந்தார்கள்.

நீங்கள் புதுப்பெண்ணாக நம் வீட்டுக்கு வந்தபோது நான் ஒன்பதாம் வகுப்பு. உங்கள் பெட்டியில் தடித்தடியாகப் புத்தகங்கள் இருந்தன. "இதெல்லாம் யாருது?" என்று கேட்டேன். "பழசு" என்று சொல்லி மூடிவிட்டீர்கள். காலேஜைப் பாதியில் விட்டுவிட்டு வந்தீர்கள் என்று எனக்கு எத்தனையோ வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அதைப் பற்றி ஒரு நாளும் நீங்கள் மூக்கைச் சிந்தியதில்லை. இப்போது எங்களிடம் கேட்காமலே போய்ச் சேர்ந்திருக்கிறீர்கள் பாருங்கள், அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

உங்கள் நாத்தனார்

ஏப்ரல் 17

அன்பு வாயாடிக்கு,

படிப்பு நடக்கிறது. மேஜையில் உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது என்று வாஷிங் மெஷின் மூடிமேல் நோட்டை வைத்து நின்றுகொண்டு எழுதுகிறேன். சரியான உயரம். துணி சுற்றும்போது மட்டும் கையெழுத்து ஆடுகிறது. கணக்கு, சட்டம், வரி மூன்றும் என்னோடு ஒத்துப்போகின்றன. நான்காவது தாள் அடக்கவிலைக் கணக்கியல். ஒரு நாற்காலி செய்ய மரத்துக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு, பட்டறை வாடகையில் அந்த நாற்காலியின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க வேண்டும். கடைசியில் எனக்கு நாற்காலியே மிஞ்சுவதில்லை.

உன் அண்ணன் கேள்வி கேட்க, நான் பதில் சொல்கிறேன். நேற்று தேய்மானம் என்ற பாடம். அத்தை சோபாவிலிருந்து, "அது என்னடி தேய்மானம்?" என்றார்கள். பொருள் பழசாகப் பழசாக வருஷாவருஷம் அதன் மதிப்பைக் குறைத்து எழுதுவது என்று சொன்னேன்.

"அப்ப எனக்கு எவ்வளவு குறைச்சிருக்க?"

"நிலத்துக்கு மட்டும் தேய்மானம் கிடையாது அத்தை. நீங்க நிலம்."

"ஓகோ, எல்லாரும் மேல நடக்கலாம்னு சொல்ற."

உன் அண்ணன் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டு சிரிக்கிறார். உன் வாய் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது.

அத்தைக்கு இரண்டு நாளாகக் கொஞ்சம் தலைசுற்றல். டாக்டரிடம் காட்டினோம். மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார். பயப்பட ஒன்றுமில்லை.

உன் அண்ணி

மே 5

அன்புள்ள அண்ணிக்கு,

அண்ணனோடு பேசினேன். தலைசுற்றல் இன்னும் முழுதாக விடவில்லையாமே. நீங்கள் கடைக்கும் அண்ணன் வேலைக்கும் போன பிறகு அம்மா தனியாக இருக்கிறார். சாயந்திரம் வந்ததும் நீங்கள் புத்தகத்தோடு நின்றுவிடுகிறீர்கள். குறை சொல்லவில்லை அண்ணி. ஆனால் வயதானவர்கள் விழுந்தால் என்ன ஆகும் என்று தினமும் பார்க்கிறவள் நான். இந்த ஒரு வருஷம் மட்டும் படிப்பை நிறுத்தி வைக்கக் கூடாதா? படிப்பு எங்கேயும் ஓடிவிடாது. அம்மா தேறியதும் தொடரலாம். மனசில் வைத்துக்கொண்டு தூங்க முடியவில்லை, அதனால்தான் எழுதிவிட்டேன்.

உங்கள் நாத்தனார்

மே 20

அன்பு வாயாடிக்கு,

உன் கடிதம் வந்தது. நீ கேட்டதில் தப்பே இல்லை. தூரத்தில் இருக்கும் மகளுக்கு இந்தக் கவலை இல்லாவிட்டால்தான் தப்பு.

ஆனால் என் பதில், மாட்டேன்.

கோபத்தில் சொல்லவில்லை. முதலில் உன் கல்யாணம் முடியட்டும் என்றோம், பிறகு உன் அப்பா உடம்பு தேறட்டும் என்றோம், அவர் போன பிறகு வீட்டை மாற்றினோம். எல்லாமே உண்மையான காரணங்கள். இதுவும் உண்மையான காரணம்தான். அதனால்தான் பயமாக இருக்கிறது. உண்மையான காரணம் ஒன்று எப்போதும் வாசலில் நிற்கும். உன் அண்ணன் மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறார். கீழ்வீட்டு அம்மா காலையில் ஒரு தடவை மேலே வந்து பார்க்கிறார்கள். நானும் கடைக்கு ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் போகிறேன். இவ்வளவுதான் என்னால் முடியும். இதற்கு மேல் என்றால் புத்தகத்தைத்தான் கொடுக்க வேண்டும். அதைக் கொடுக்க மாட்டேன்.

என்மேல் வருத்தம் வேண்டாம். இருந்தாலும் கடிதம் எழுதுவதை நிறுத்தாதே.

உன் அண்ணி

ஜூன் 16

அன்பு வாயாடிக்கு,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. இருந்தாலும் இதை வேறு யார் மூலமாகவும் நீ கேட்கக் கூடாது. நானே எழுதுகிறேன் என்று உன் அண்ணனிடமும் சொல்லிவிட்டேன். அத்தைக்கு வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது. மாவுக்கட்டுப் போட்டிருக்கிறது. ஆறு வாரத்தில் சரியாகிவிடும் என்கிறார் டாக்டர். வேறெங்கும் அடி இல்லை.

முந்தாநாள் எனக்கு நான்காவது தாள். காலையில் உன் அண்ணன் வேலைக்குப் போய்விட்டார். நான் உடை மாற்றிக்கொண்டு வந்தபோது அத்தை சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள், வலது கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு. "பேனா எடுத்துக்கிட்டியா? ஒண்ணு மக்கர் பண்ணும், ரெண்டா எடுத்துக்கோ" என்றார்கள். "நான் டி.வி. பாத்துக்கிட்டு இருக்கேன், நீ கிளம்பு" என்றார்கள். டி.வி. ஓடவே இல்லை. அது எனக்குப் பஸ்ஸில்தான் உறைத்தது. இறங்கிவிடலாமா என்று எழுந்து நின்றேன். மறுபடி உட்கார்ந்துவிட்டேன். கீழ்வீட்டு அம்மாவுக்குப் போன் செய்தேன். அவர்கள் போய்ப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்காங்க, என்னை விரட்டுறாங்க" என்றார்கள்.

மதியம் வந்து பார்த்தால் கை பலூன் மாதிரி வீங்கியிருக்கிறது. நான் குளித்துக்கொண்டிருந்தபோதே சமையலறையில் வழுக்கி விழுந்திருக்கிறார்கள். எனக்குத் தெரியக் கூடாது என்று தானே எழுந்து வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவில் நான் கத்தினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அத்தையிடம் கத்தினேன். "ஏன் சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ போயிருப்பியா?"

"போயிருக்க மாட்டேன்."

"அதான் சொல்லல. பரீட்சை எப்பவாவதுதான் வருது. எலும்பு எந்த நாளு வேணா உடையும்."

அழுதுகொண்டே அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் ஆட்டோக்காரரிடம், "பாத்துப் போப்பா, இவ இன்னைக்குப் பரீட்சை எழுதிட்டு வந்திருக்கா" என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள்.

நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

உன் அண்ணி

ஜூன் 30

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதம் கிடைத்த அன்றே அம்மாவுக்குப் போன் செய்தேன். "அண்ணியை..." என்று நான் ஆரம்பித்ததுமே, "அவளை ஒரு வார்த்தை சொன்னியோ, இனி உன் போனையே எடுக்க மாட்டேன்" என்று வைத்துவிட்டார். நான் திட்ட வரவில்லை என்று சொல்லக்கூட விடவில்லை.

மணிக்கட்டு உடைந்தால் எப்படி வலிக்கும் என்று எனக்குத் தெரியும் அண்ணி. போன மாதம் இங்கே ஒரு முன்னாள் ராணுவக்காரர் அதற்குக் குழந்தை மாதிரி அழுதார். அம்மா அந்தக் கையை வைத்துக்கொண்டு உங்களுக்குப் பேனா ஞாபகப்படுத்தியிருக்கிறார். இரண்டு நாளாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். பெற்ற மகள் எனக்கு அவர் அப்படிச் செய்திருப்பாரா என்று தெரியவில்லை. நான் அப்படி எதையும் அவரிடம் கேட்டதுமில்லை. நீங்களும் கேட்கவில்லைதான். அந்த வாஷிங் மெஷின் பக்கத்தில் நின்று நின்றே அதை வாங்கிவிட்டீர்கள் போலிருக்கிறது.

மாவுக்கட்டு பிரித்ததும் செய்ய வேண்டிய பயிற்சிகளைப் படம் போட்டு அனுப்பியிருக்கிறேன். விரலை மடக்கச் சொல்லுங்கள். ஏமாற்றப் பார்ப்பார், விடாதீர்கள்.

உங்கள் நாத்தனார்

ஆகஸ்ட் 28

அன்பு வாயாடிக்கு,

பாஸ்! நான்கும் பாஸ். உன் அண்ணன் நல்ல செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர் மாதிரி வீட்டுக்குள் சுற்றிச்சுற்றி வருகிறார். மற்ற மூன்றும் நல்ல மார்க். நான்காவது தாளில் நாற்பது வேண்டும், நாற்பத்திரண்டு வாங்கியிருக்கிறேன். அத்தை மார்க் ஷீட்டைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நான் கைய உடைச்சுக்கிட்டதுக்கு ரெண்டு மார்க்குதான் மிச்சமா?" என்றார்கள். பிறகு சட்டென்று என் தலையில் கை வைத்தார்கள். கட்டுப் பிரித்த கை. அதில் இன்னும் பலம் வரவில்லை. இலை விழுந்த மாதிரி இருந்தது.

கடைக் கணக்குப் பார்க்க வரும் அந்தப் பெண் வேலை செய்யும் ஆடிட்டர் ஆபீசிலேயே பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. காலையில் போனால் இருட்டித்தான் வர முடியும். அத்தையால் இன்னும் ஒரு டம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை. அடுத்த வருஷம் சேருகிறேன் என்று சொல்லிவிடலாமா என்று பார்க்கிறேன். நீ அன்றைக்குச் சொன்னதை இன்றைக்கு நானே எனக்குச் சொல்லிக்கொள்கிறேன், பார்த்தாயா?

உன் அண்ணி

செப்டம்பர் 14

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நேராக மேலாளரிடம் போய் விடுப்புக் கேட்டேன். "ஊருல என்ன விசேஷம்?" என்று கேட்டார். எங்கள் அண்ணி கணக்கியல் தொழில்நுட்பர் ஆகப் போகிறார் என்றேன். அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, நான் சொன்ன விதத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். சம்பளமில்லாத விடுப்பு, ஆறு மாதம். ஊரார் வீட்டுப் பெரியவர்களையெல்லாம் பார்த்துக்கொள்கிறேன், என் அம்மாவின் கைவிரலை மடக்கி நீட்ட எனக்குத் தெரியாதா? என் வீட்டுக்காரர், "அண்ணிக்காகப் போறியா, அம்மாவுக்காகப் போறியா?" என்று கேட்டார். இரண்டையும் பிரிக்கத் தெரியவில்லை என்றேன்.

அடுத்த வருஷம் என்று ஆபீசில் சொல்லிவிடாதீர்கள். சொல்லியிருந்தால் இன்றைக்கே போய் மாற்றிச் சொல்லுங்கள். நான் வருவதற்குள் கீழ்வீட்டு அம்மாவும் அண்ணனும் சமாளித்துக்கொள்வார்கள், அண்ணனிடம் பேசிவிட்டேன்.

அக்டோபர் ஆறாம் தேதி காலையில் வந்து இறங்குகிறேன். விமான நிலையத்துக்கு அண்ணனை மட்டும் அனுப்புங்கள். நீங்கள் வரக் கூடாது. அன்றைக்குத் திங்கட்கிழமை, உங்களுக்கு ஆபீஸ் உண்டு.

உங்கள் நாத்தனார்