சுவர் நின்ற சலவைக்கல்

அக்கா,

நேற்றுக் காலை பக்கத்து வீட்டில் தரை பாலிஷ் போடும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. திருப்பூரில் வாழ்க்கைப்பட்ட காதுக்கு மெஷின் சத்தம் ஒரு சத்தமா? கொஞ்ச நேரத்தில் கல் அரைத்த தண்ணீர் வெள்ளையாக வழிந்து எங்கள் கேட்டு வரைக்கும் வந்தது. அந்த வாசனைதான் என்னை நிறுத்திவிட்டது. ஈரச் சுண்ணாம்பும் கல் தூளும் கலந்த, குளுகுளுவென்ற வாசனை. நீங்கள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்கை வரை வெள்ளைச் சேறோடு, நம் ஆசாரக் கூடத்து நடுவில் குந்தியிருந்தது அப்படியே கண்முன் வந்தது. நீங்கள் போய் ஐந்து வருடம் ஆகிறது. இத்தனை நாளில் உங்களுக்கு ஒரு வரி எழுதத் தோன்றியதில்லை. நேற்று தோன்றியது.

சேவூரிலிருந்து அந்த வீட்டுக்குச் சின்ன மருமகளாக வந்தபோது எனக்கு அந்தத் தரையைப் பார்த்துத்தான் முதலில் பயம் வந்தது. எங்கள் வீட்டில் சாணம் மெழுகிய தரை. இங்கே ஆசாரம் முழுக்கச் சலவைக்கல். பஞ்சு வியாபாரம் செழிப்பாக நடந்த காலத்தில் மாமனார் வடக்கேயிருந்து ரயிலில் வரவழைத்தது. அவர் அப்போது உயிரோடு இல்லை. தினமும் காலையில் அந்தக் கூடத்தை நீங்கள் ஒரு பக்கமிருந்தும் நான் மறுபக்கமிருந்தும் துடைத்துக்கொண்டு வருவோம். நடுவில் சேரும்போது அன்றைக்கு என்ன குழம்பு என்று முடிவாகிவிடும். பெரிய மருமகள் என்ற அதிகாரத்தை நீங்கள் காட்டிய ஒரே இடம் அதுதான். எனக்குப் பிடிக்காத பாகற்காயை நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை.

அறுபதுகளில் அண்ணன் தம்பிக்குள் வந்த பிணக்கு நமக்குத் தெரிந்ததுதான். உங்கள் வீட்டுக்காரருக்கு அப்பா செய்த பஞ்சு வியாபாரம் போதும். என் வீட்டுக்காரருக்குப் பனியன் மெஷின் போட்டே ஆகவேண்டும். ஒரு விசேஷத்தில், உறவுக்காரர்கள் அத்தனை பேர் முன்னால், உங்கள் வீட்டுக்காரர், எங்கள் பெரியவர், சொன்னார்: "மெசின் போடறதுன்னா தனியாப் போயிப் போட்டுக்கட்டும்." கோபத்தில் வந்த ஒரு வார்த்தை. இவர் அந்தத் 'தனியா'வைப் பிடித்துக்கொண்டார். ஆறே மாதத்தில் வீடு இரண்டானது. தலைவாசல் எங்கள் பங்கு. சமையலறையும் சாமி அறையும் பக்கத்துச் சந்தும் உங்கள் பங்கு. ஆசாரத்தின் குறுக்கே சுவர். சும்மா தரைமேல் எழுப்பினால் நிற்காது என்று, நடு வரிசைச் சலவைக்கல்லைப் பெயர்த்து எடுத்துவிட்டு, அஸ்திவாரம் தோண்டிக் கட்டினார்கள். கடப்பாறை விழுந்த சத்தம் கேட்கக் கூடாதென்று நான் பின்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன். நீங்கள் அங்கேயே நின்றிருந்தீர்கள். ஏன் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

எட்டு வருடம், அக்கா. பேசக் கூடாதென்று யாரும் நம்மிடம் சொல்லவில்லை. சொல்லாமலே புரிந்துகொண்டோம். உங்கள் இருமல், நீங்கள் அம்மியில் அரைக்கும் சத்தம், இவற்றை வைத்துத்தான் நீங்கள் இருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்வேன். என் பக்கமிருந்து உங்களுக்கு மெஷின் சத்தம்தான் கேட்டிருக்கும். சலவைக்கல்லைத் துளைத்து, போல்ட் போட்டு, இவர் மூன்று மெஷின் நிறுத்தியிருந்தார். எண்ணெய் சொட்டிச் சொட்டிக் கல் டீத்தண்ணி நிறத்துக்கு வந்துவிட்டது.

அவிநாசியிலிருந்து ஆள் வந்து உங்கள் அம்மா தவறிவிட்டதைச் சொன்ன அன்று, சுவருக்கு அந்தப் பக்கம் நீங்கள் அழுதது எனக்குக் கேட்டது. பருப்புச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வரவில்லை. உள்ளே போய், "இன்னிக்கு ஓட்ட வேண்டாமுங்க" என்று மட்டும் இவரிடம் சொன்னேன். என் முகத்தைப் பார்த்தார், சுவிட்சை அணைத்தார். எழவுக்கு இவரும் போகவில்லை, என்னையும் அனுப்பவில்லை. நானும் கேட்கவில்லை. அதுதான் என் தப்பு.

பிறகு பெரியவருக்கு வாதம் அடித்தது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் வைத்திருந்து, ஒரு மத்தியானம் வீட்டுக்குக் கொண்டுவந்தீர்கள். இடது கையும் காலும் விழுந்துவிட்டிருந்தன. ஸ்ட்ரெச்சர் உங்கள் சந்துக்குள் திரும்பவில்லை. முன்னால் தூக்கியவர் ஒருபக்கம், பின்னால் தூக்கியவர் ஒருபக்கம் இடித்துக்கொண்டு நிற்க, பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். தெருவே பார்த்தது. என் வீட்டுக்காரர் பனியன் துணியைத் தோளில் போட்டபடியே வெளியே வந்தார். தலைவாசலின் இரண்டு கதவையும் விரியத் திறந்துவிட்டு, முன்னால் நின்றவரிடம், "இப்படிக் கொண்டாங்க" என்றார்.

அண்ணனை மெஷின்களுக்கு நடுவில்தான் படுக்க வைத்தோம். மெஷின் நின்றது. அதற்குமேல் கொண்டுபோக வழியில்லை, குறுக்கே சுவர். நீங்கள் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு கஞ்சி எடுத்து வந்து ஊட்டிவிட்டுப் போனீர்கள். மூன்றாம் நாள், நீங்கள் வந்து நின்றபோது, இவர் தலையைக் குனிந்துகொண்டே, அண்ணி முறை சொல்லி உங்களைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"நங்கை, சுவத்தை எடுத்துப்போடலாமுங்களா?"

"எடுத்துருங்க தம்பி. எனக்கும் சுத்திச் சுத்திக் கால் வலிக்குது" என்றீர்கள்.

அவ்வளவுதான் சமாதானப் பேச்சு.

சுவர் ஒரே நாளில் போய்விட்டது. தரைதான் தொல்லையாகிவிட்டது. உங்கள் பாதி தயிர் நிறம், எங்கள் பாதி கறுப்பும் பழுப்பும், நடுவில் சாண் ஆழத்துக்கு நீளப் பள்ளம். மெஷின்களைக் கழற்றிய இடத்தில் போல்ட் குழிகள் வேறு. பெரியவரைத் தினமும் நடக்கப் பழக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். இழுத்து இழுத்து வைக்கும் காலுக்கு அந்தத் தரையில் எங்கே இடம்? இவர் திருமுருகன்பூண்டிக்குப் போய்ச் சிலை செய்கிறவர் ஒருவரைக் கூட்டி வந்தார். அவர் உட்கார்ந்து கல்லைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது எங்க கல்லு இல்லீங்க, இது மெதுக் கல்லு. மொசைக் பாலிஷ் போடற பாய் ஒருத்தர் இருக்காரு, அவரைப் பாருங்க" என்று நேர்மையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பாய் வருவதற்குள் நான் ஒரு வேலை செய்து வைத்தேன். எண்ணெய்க் கறை படிந்தது எங்களால்தானே என்ற உறுத்தலில், புளியும் எலுமிச்சம்பழமும் போட்டு ஒரு மூலையை அரை நாள் தேய்த்தேன். கறை போகவில்லை. கல்தான் பொரிந்து, வெளிறி, சொரசொரத்துப் போனது. பாய் வந்தவுடன் அந்த மூலையில்தான் அவர் கை போனது.

"யாருங்கம்மா இதுல புளி போட்டது? இது சுண்ணாம்புச் சாதிக் கல்லுங்க. புளிப்புப் பட்டா அரிச்சுரும்."

நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

"நாந்தானுங்க பாய். பித்தளையாட்டம் பளபளன்னு வந்துரும்னு நெனச்சுட்டேன்."

பாய் உங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். நீங்கள் சிரித்தீர்கள். எட்டு வருடத்துக்கப்புறம் அந்தச் சிரிப்பை அன்றுதான் நேரில் பார்த்தேன்.

அவர் வேலை செய்த விதம் எனக்கு இன்னும் மனதில் இருக்கிறது. "எண்ணெய் குடிச்ச கல்லுங்கம்மா. கக்க வெக்கோணும்" என்றார். சீமைச் சுண்ணாம்புப் பொடியைப் பெட்ரோலில் குழைத்துக் கறைமேல் அப்பி, அதன்மேல் பனியன் வேஸ்ட்டுத் துணியைப் பரப்பி, காய்ந்ததும் சுரண்டச் சொன்னார். அன்றெல்லாம் வீட்டில் அடுப்புப் பற்றவைக்க விடவில்லை. சேவூர் பஸ்ஸில் என் அம்மா வீட்டிலிருந்துதான் சோறு வந்தது. முதல் தடவை சுரண்டியபோது பொடி மஞ்சளாக வந்தது. ஐந்தாம் தடவைக்குத்தான் வெள்ளையாக வந்தது. போல்ட் குழிகளை வெள்ளைச் சிமெண்ட்டில் சலவைக்கல் தூள் கலந்து அடைத்தார்.

நடுப்பள்ளத்துக்குத்தான் வழியில்லை. "இந்த ரகம் இப்பக் கெடைக்காதுங்க. வேற கல்லுப் போட்டா ஒட்டுப்போட்ட வேட்டியாட்டம் தெரியும். சிமெண்ட்டு போட்டு இழுத்துரலாமா?" என்று பாய் கேட்டார். இவர் சரியென்று தலையாட்டப் போனார். நீங்கள், "ஒரு நிமிசம் இருங்க" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனீர்கள். விறகு அடுக்கியிருந்த இடத்திலிருந்து கூப்பிட்டீர்கள். நானும் இவரும் போய் விறகை விலக்கினோம். அடியில், வைக்கோல் பரப்பி, சாக்குச் சுற்றி, பதினோரு சலவைக்கல். சுவர் எழுப்பிய அன்று கொத்தனாரிடம் நின்று, உடையாமல் பெயர்க்கச் சொல்லி நீங்கள் வாங்கி வைத்தவை. ஒன்று மட்டும் இரண்டாக உடைந்திருந்தது. அதையும் சேர்த்துக் கட்டி வைத்திருந்தீர்கள்.

இவர் அந்தச் சாக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "சுவர் ஒரு நாளைக்கு உழுகும்னு தெரியுமுங்களா நங்கை?" என்று கேட்டார்.

"அதெல்லாம் தெரியாதுங்க தம்பி. நல்ல கல்லு. ஒடைக்க மனசு வல்லை" என்றீர்கள்.

எட்டு வருடமாக யார் காலும் படாத கற்கள் என்பதால் அவை மற்றவற்றைவிடத் துளி தடிமனாக இருந்தன. பதித்தபின் விளிம்பு துருத்திக்கொண்டு நின்றது. மொத்தத் தரையையும் தேய்த்து ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். பாய் ஒருவரால் ஆகாத வேலை. நாமும் ஆளுக்கொரு தேய்ப்புக் கல்லோடு உட்கார்ந்தோம். முதலில் முரட்டுக் கல், பிறகு நைசுக் கல், தண்ணீர் ஊற்றி ஊற்றி. பதினைந்து நாளுக்கு மேல் ஆனது. அப்படித் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில், பாய் தொழுகைக்குப் போயிருந்தபோது, உங்கள் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

"உங்க அம்மா தவறுன அன்னிக்கு நான் வரலீங்களே அக்கா."

உங்கள் கை நிற்கவில்லை. "மெசின் நின்னுச்சு. கேட்டேன்" என்றீர்கள். கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, "அன்னிக்குப் பூரா ஓடலை. நீதான்னு தெரியும் கண்ணு" என்றீர்கள். நான் கல்லின் மேலேயே கவிழ்ந்து அழுதேன். நீங்கள் சேறு படியாத புறங்கையால் என் முதுகைத் தட்டினீர்கள்.

கடைசியில் பாய் மெழுகு டப்பாவைத் திறந்தார். "மொகம் பாக்கலாமுங்கம்மா, அப்படிப் பளபளப்பு ஏத்தித் தாரேன்" என்றார் ஆசையாக. நீங்கள் வேண்டாமென்று சொல்லிவிட்டீர்கள். "அவரு வழுக்கி உழுந்துருவாருங்க. மட்டமா இருந்தாப் போதும்." பாய்க்கு முகம் சுருங்கியது. பெரியவரின் காலைப் பார்த்துவிட்டு, டப்பாவை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டார். அதற்கப்புறம் வந்தவர்கள் எல்லாம், இத்தனை செய்துவிட்டு ஏன் மினுமினுப்பே இல்லை என்று கேட்டார்கள். நீங்கள் யாருக்கும் காரணம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை.

மறுநாள் காலை பெரியவரை நடத்தினோம். ஒரு பக்கம் என் வீட்டுக்காரர் தோள் கொடுத்தார். மறுபக்கம் தடி. மெஷின் இருந்த மூலையிலிருந்து சாமி அறையைப் பார்த்து மெதுவாக வந்தார்கள். ஆசாரத்தின் நடுவுக்கு வந்ததும் பெரியவர் நின்றுவிட்டார். வெள்ளையாகத் தெரிந்த அந்தப் பதினோரு கல்லைப் பார்த்தார். காலை எடுத்து வைக்கவே இல்லை. கால் வலிக்கிறதா என்று இவர் கேட்டார். இல்லையென்று தலையாட்டினார். தம்பியின் முகத்தையும் பார்க்கவில்லை. எட்டு வருடமாக அங்கே நின்ற ஒன்று அவர் கண்ணுக்கு இன்னும் நின்றுகொண்டிருந்தது என்று நினைக்கிறேன்.

நீங்கள் எதிரில், சாமி அறை வாசலில் நின்றிருந்தீர்கள். குரலை உயர்த்தாமல், சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரிச் சொன்னீர்கள்:

"அங்க ஒண்ணுமில்லீங்க. வாங்க."

அவர் வந்துவிட்டார்.

என் மகள் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு போனது உங்களுக்குத் தெரியும். மூன்று வருடம் நான் அவளைப் பார்க்காமல் இருந்ததும் தெரியும். பிறகு ஒரு நாள் அவள் வீட்டோடு ராசியாகிவிட்டேன் என்று சொன்னபோது, எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி அவள் தெருவுக்குப் போனேன். வீட்டு எண்ணைக் கண்டுபிடித்துவிட்டேன். வாசலுக்கு நாலு அடி முன்னால் கால் நின்றுவிட்டது. என்ன சொல்வாளோ, மாப்பிள்ளை என்ன நினைப்பாரோ. திரும்பி பஸ் ஸ்டாண்டுக்கே போய்விடலாம் என்றிருந்தது. வெயிலில் நெடுநேரம் நின்றேன். அப்போது உங்கள் குரல் கேட்டது, அக்கா. அந்த நாலு அடியையும் உங்கள் வார்த்தையைச் சொல்லிக்கொண்டேதான் நடந்தேன். கதவைத் தட்டினேன். இடுப்பில் குழந்தையோடு அவள்தான் வந்து திறந்தாள்.