மகள் வேண்டாம் என்கிறார்

எப்போதும் சலவைச் சட்டையோடு என் கண்ணில் நிற்கும் அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. இத்தனை காலமும் உங்களுக்கு ஒரு வரி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை. போன மாதம் நான் படித்ததை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் பத்திரிகைக்கு அனுப்புகிறேன்.

நான் இன்னும் அதே ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறேன். குழந்தைகள் வார்டிலிருந்து எலும்பு முறிவு வார்டுக்கு மாற்றிவிட்டார்கள், இப்போது வார்டு சிஸ்டர். மேட்ரன் என்னிடம் ஓர் ஆராய்ச்சி வேலையை ஒப்படைத்தார். இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆன வயதானவர்களில், மறுநாளே எழுப்பி உட்காரவைத்தவர்கள் எப்படித் தேறினார்கள், படுத்தே இருந்தவர்கள் எப்படித் தேறினார்கள் என்று பழைய பைல்களைப் புரட்டிப் பார்க்க வேண்டும். தாதிகளே ஆராய்ச்சி செய்கிறோம் என்று நீங்கள் கேள்விப்பட்டிருந்தால், கோலாலம்பூரில் நாம் இருந்த பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் முழுக்கச் சொல்லியிருப்பீர்கள்.

எனக்குத் துணையாக ரோசலின் என்ற இளம் தாதி. அவள் பைலைப் பார்த்து வாசிப்பாள், நான் தாளில் குறிப்பேன். பெயர் எழுத மாட்டோம்.

“ஆம்பள, அறுபத்தெட்டு வயசு. பாத்ரூம்ல வழுக்கி விழுந்திருக்காரு. ரெண்டாம் நாள் உட்கார வைக்கல. மூணாம் நாளும் வைக்கல. காரணம் எழுதியிருக்காங்க அக்கா. மகள் வேண்டாம் என்கிறார். மகள் இங்கேயே ஸ்டாஃப் நர்ஸ்.” அவள் சிரித்துவிட்டாள். “நர்ஸே இப்படிச் சொன்னா நாம என்ன செய்யறது லா?”

பைலைக் கையிலிருந்து பிடுங்கினேன். அட்டையில் உங்கள் பெயர்.

அந்தக் காலை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, அப்பா. புதிதாக வேலைக்கு வந்த மலாய்ப் பெண் ஒருத்தி நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு, உங்கள் தோளுக்குக் கீழே கை கொடுத்தாள். நீங்கள் வலியில் கத்தினீர்கள். நான் ஓடிவந்து அவள் கையைத் தட்டிவிட்டேன். நானும் நர்ஸ்தான், என் அப்பாவுக்கு ஓய்வு வேண்டும், தொடாதே என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி திட்டினேன். உங்களுக்காகச் சண்டை போட்டேன் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். நாலாம் நாள் மதியம் அதே பெண்ணின் கையெழுத்து. ‘நோயாளி நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட விரும்புகிறார். மகளைக் கேட்டுச் சொல்வதாகக் கூறப்பட்டது.’ ஐந்தாம் நாளும் அதே வரி. ஆறாம் நாள் காய்ச்சல், நெஞ்சில் சளி. அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் தெரியும்.

நீங்களே கேட்டிருக்கிறீர்கள். இரண்டு தடவை.

அந்தப் பெண் என்னிடம் வந்து கேட்டாளா? கேட்கப் பயந்துவிட்டாளா? அல்லது கேட்டு, நான்தான் மறுபடியும் வேண்டாம் என்றேனா? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. பைல் என் கையிலிருந்து நழுவி, தாள்கள் தரையில் சிதறின.

ரோசலின் குனிந்து அவற்றைப் பொறுக்கும்போதுதான் அட்டையைப் பார்த்தாள். என் பெயருக்குப் பின்னால் இருக்கும் பெயர் அது. அவள் முகம் வெளுத்துவிட்டது.

“அக்கா, சாரி அக்கா. இதை எடுத்து வச்சிடலாம். ஒரு பைல் குறைஞ்சா யாருக்குத் தெரியப் போகுது?”

“உட்கார வச்சிருந்தா பொழைச்சிருப்பாரா, ரோசலின்?”

“ஒரு ஆளை வச்சு எதுவும் சொல்ல முடியாதுன்னு நீங்கதானே எனக்குச் சொல்லிக் கொடுத்தீங்க?”

நான் சொன்னதுதான், உண்மையும்தான். நூறு பேரைச் சேர்த்துப் பார்த்தால் ஏதாவது தெரியலாம். உங்கள் ஒருவருக்கு என்ன ஆகியிருக்கும் என்று எந்தத் தாளும் சொல்லாது. என்னைக் குற்றவாளி என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது. உங்கள் வரியை நானே தாளில் எழுதினேன். எழுப்பிய நாள் என்ற கட்டத்தில், ‘எழுப்பவில்லை.’

அந்த ஞாயிற்றுக்கிழமை, இப்போது நான் குடியிருக்கும் கிள்ளானிலிருந்து பஸ் பிடித்து, தம்பி வீட்டில் இருக்கும் அம்மாவைப் பார்க்கப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அழுவார்கள் என்று நினைத்தேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த கை மட்டும் நின்றது.

“என்கிட்டயும் கேட்டாரு. படுத்துக்கிட்டே கஞ்சி குடிச்சா புரையேறுது, உட்கார வைன்னாரு. உங்க மக நர்ஸு, அவளுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரிஞ்சிருச்சுன்னு நான்தான் அதட்டிட்டேன்.”

“ஏம்மா இவ்வளவு நாளா சொல்லல?”

“நீ சரியாத்தான் செஞ்சிருப்பேன்னு நெனச்சேன்.”

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து மீதிக் கீரையை நான் ஆய்ந்தேன். நம் வீட்டில் உங்கள் பேச்சுதானே கடைசிப் பேச்சு? அந்தக் கட்டிலில் படுத்ததும் எப்படி அப்பா உங்கள் பேச்சுக்கு மதிப்பில்லாமல் போயிற்று?

ஆராய்ச்சி முடிந்துவிட்டது. சீக்கிரம் எழுந்து உட்கார்ந்தவர்களுக்கு நெஞ்சுச் சளி குறைவாக இருந்தது, வீட்டுக்கும் முன்னதாகவே போனார்கள். எங்கள் வார்டில் இப்போது மறுநாளே எழுப்புகிறோம். நேற்று ஒரு பெரியவரின் மகள் என் கையைப் பிடித்துத் தடுத்தாள். “வலிக்குது சிஸ்டர், பாவம், விட்டுடுங்க.” என் குரலே எனக்குக் கேட்டது போல இருந்தது. அவளை நான் திட்டவில்லை. வலிக்கு மருந்து கொடுத்துவிட்டு, பெரியவர் பக்கம் குனிந்து, “நீங்க சொல்லுங்க, அங்கிள்,” என்றேன். அவர் மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “மொதல்ல காலைத் தொங்கப் போட்டுப் பாக்கறேன்,” என்றார்.

அம்மாவுக்கு அடுத்த மாதம் கண் ஆபரேஷன். ‘நீயே பார்த்து முடிவு பண்ணு, உனக்குத் தெரியாதா’ என்கிறார்கள். மாட்டேன் அப்பா. அம்மா தன் விருப்பத்தைத் தன் வாயால் சொல்லும்வரை ஆபரேஷன் சம்மதப் பாரத்தில் கையெழுத்துப் போட மாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்களுக்காகப் பேசியே உங்களைப் பேசவிடாத
உங்கள் மூத்த மகள்