அவளுக்கும் ஒரு குழை

14.7.1962, சனி

கமலத்துக்கு இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள். கலியாணம் முடித்து வன்னிக்கு வந்த நாள்முதல் அவள் கேட்ட பறவைச் சரணாலயத்துக்கு இன்று கூட்டிப்போனேன்.

காட்டு வாசலில் ஐயனார் மரம். பத்திரமாகத் திரும்பி வர, உள்ளே போகிறவர்கள் ஆளுக்கொரு இலைக்குழை முறித்துத் தொங்கவிடுவது வழக்கம். நான் தொங்கவிட்டேன்.

"எனக்கு வேண்டாம்," என்று அவள் நடந்துவிட்டாள்.

ஒற்றையடிப் பாதையில் பச்சைப்புறாக்கள் கூட்டமாக எழும்பியபோது சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திரும்பி வரும்போது அவளுக்கும் ஒரு குழை தொங்கவிட்டேன். கண்டுவிட்டாள்.

"இஞ்சருங்கோ, அது உள்ளை போறவைக்கெல்லோ? வெளியிலை வந்தாப்பிறகு என்னத்துக்கு?"

நீ இனித்தானே போகப்போகிறாய் என்று வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டு அவளைச் சைக்கிளில் ஏற்றினேன். பாரமே இல்லை.